திறவற்க

பிப்ரவரி 1, ஞாயிறு

இன்றைய வட்டக் கூட்டத்தில் நான் அதிர்ச்சியுற்றேன் என்பதை முதற்கண் பதிவு செய்கிறேன்.

ஆனைமலை அடிவாரத்தில், பதினொரு வீடுகள் ஒரே முற்றத்தைச் சுற்றி அமைந்து, ஒரே சமையற்கூடத்தில் உண்டு, ஒரே கிணற்று நீரைப் பகிர்ந்து வாழும் எங்கள் ‘ஒருமுற்றம்’ குடியிருப்பைக் காண மார்ச் 8 அன்று முப்பது விருந்தினர் வரவிருக்கின்றனர். அதற்கான ஏற்பாடுகளை, செயலாளர் என்ற முறையில், நான் வாசித்துக்கொண்டிருந்தபோது ஜெசிந்தா குறுக்கிட்டாள்.

“ஏக்கா, அந்தக் கக்கூசுக்குப் பின்னாடி தொங்குத தகரத்துல என்ன எழுதியிருக்குன்னே தெரியலக்கா. துருப்புடிச்சுப் போயி கெடக்கு. வாரவங்க சிரிக்கப் போறாங்க.”

வருபவர்கள் சிரிப்பது இருக்கட்டும், இருந்தவர்கள் சிரித்தார்கள். அது என் கையெழுத்து.

தூத்துக்குடியிலிருந்து வந்த ஜெசிந்தா–சகாயம் தம்பதியருக்குச் சோதனை ஆண்டே இன்னும் முடியவில்லை. ஏப்ரல் 19 அன்றுதான் முடிகிறது. அன்று வட்டத்தில், அதாவது அனைவரும் வட்டமாக அமரும் கூட்டத்தில், ஒரே ஒருவர் ‘தடை’ என்று கை உயர்த்தினாலும் அக்குடும்பம் வெளியேற வேண்டும். அந்த விதியை எழுதியவள் நானே. ‘இச்சோதனை இருதரப்புக்கும் உரியதாகும்’ என்ற கடைசி வரியையும் நானே சேர்த்தேன். அதற்குப் பொருள் இருந்ததைவிட ஓசை இருந்தது.

ஏழாம் வகுப்போடு நூற்பாலைக்குப் போனவள் நான். இருபத்தேழு ஆண்டுகள் நூல் சுற்றும் கதிர்களுக்கிடையே நின்றவள். படித்ததெல்லாம் உடுமலை நூலகத்தில், நின்றபடி. என் எழுத்தைப் பார்த்துச் சிரிப்பதா?

பிப்ரவரி 3, செவ்வாய்

பழைய தகரங்கள் மூன்றையும் கழற்றி எறிந்துவிட்டேன். வேப்பம்பலகையில் புதியவற்றை எழுதி முடித்தேன். பச்சை வண்ணத்தின் மேல் வெள்ளை எழுத்து.

விருந்தினர் இந்நாட்குறிப்பைப் படிக்கும் நாள் வரக்கூடும் என்பதால் விளக்கம்: எங்கள் உலர் கழிப்பறைக்கு நீர் தேவையில்லை, சாம்பலும் மரத்தூளும் போதும். அடியில் மூன்று அறைகள். ஒன்று நிரம்பியதும் மூடி முத்திரையிட்டு, ஓராண்டுக்கு மேல் மட்கவிட்டு, பின்புறக் கதவு வழியே உரமாக எடுக்கிறோம். மூடிய நாள் என்னிடமுள்ள பதிவேட்டில் இருக்கும்; எதைத் திறக்கலாம் என்பதைப் பின்கதவில் நிற்பவருக்குப் பலகை மட்டுமே சொல்லும்.

எழுதியவை வருமாறு:

‘முதலாம் அறை: முதிர்ந்தது. திறக்கலாம்.’
‘இரண்டாம் அறை: பயன்பாட்டில் உள்ளது.’
‘மூன்றாம் அறை: திறவற்க.’

மூன்றாம் அறையை நவம்பரில் நானே, முன்புற இருக்கையின் வாயில் சாந்து பூசி, மூடினேன். தோட்டப் பொறுப்பாளர் நாச்சிமுத்துவுக்கு அப்போது மஞ்சள் காமாலை. அவரைப் பொள்ளாச்சியில் மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவர் பயன்படுத்திய அறையை முன்னதாகவே மூடுவது என்று வட்டம் முடிவு செய்தது. ஈராண்டுகள் தொடக்கூடாது.

‘திறவற்க’ என்ற சொல்லை மூன்று முறை எழுதிப் பார்த்தே பலகையில் ஏற்றினேன். அதன் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

பிப்ரவரி 4, புதன்

காலையில் பலகைகளை மாட்டினேன். அறைகளின் எண்ணிக்கை முன்புறம் இருக்கைகளின் வரிசைப்படி: இடமிருந்து வலமாக ஒன்று, இரண்டு, மூன்று. பின்புறக் கதவுகளிலும் அதே ஒழுங்கைக் காத்து, இடமிருந்து வலமாக முதலாம் பலகை, இரண்டாம் பலகை, மூன்றாம் பலகை என வரிசை பிசகாமல் அறைந்தேன். பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். அரசு அலுவலகத்தில்கூட இத்தகைய பலகை கிடையாது.

பின்பு கேழ்வரகு காயவைத்தேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

நாச்சிமுத்து இன்று உரம் எடுத்தார். முன்னாள் மின்வாரியக் கம்பியாளர். கம்பத்தில் ஏறியது போலவே இப்போதும் எதையும் நம்பாமல் தட்டிப் பார்ப்பவர். மண்வெட்டியோடு என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்.

“அம்மிணி, கொஞ்சம் வாசம் அடிக்குதுங்க. ஈரமும் தெரியுது. பதினாலு மாசம் ஆனதா இது?”

“பலகையைப் படித்தீர்களா?”

“படிச்சேனுங்க. தெறக்கலாம்னு போட்டிருக்குது.”

“பிறகென்ன?”

“அதுவுஞ் செரிதானுங்க. பலக சொன்னா வேதம்.” தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

அந்த உரத்தை இட்டுக் கொத்தமல்லி விதைத்து, வல்லாரை நட்டுவிட்டார். எழுதப்பட்டதைக் காட்டிலும் மூக்கை நம்பும் மனிதர்களோடுதான் புதியதொரு வாழ்க்கைமுறையை நிறுவ வேண்டியிருக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

விருந்தினர் முப்பத்திரண்டு பேர். வரவேற்புரை இருபது நிமிடங்கள் ஆற்றினேன். கோவையிலிருந்து வந்த ஒரு பேராசிரியை பலகைகளைப் படம் எடுத்துக்கொண்டு, “திறவற்க! என்ன அழகான தமிழ்!” என்றார். மூன்று முறை சொன்னார்.

சமையல் ஜெசிந்தா. கம்பு தோசையும் பச்சைக் கொத்தமல்லித் துவையலும். துவையலை வதக்காமல் அப்படியே அரைத்தாள். அதுதான் மணம் என்றாள். எங்கள் முற்றத்திலேயே வாழும், ஏழு மாதக் கர்ப்பிணியான சிந்துஜா நான்கு தோசைகளுக்கும் துவையலையே தொட்டுக்கொண்டு, “அக்கா, இந்தக் கிண்ணத்த என்ற வீட்டுக்குக் குடுத்தனுப்புங்க” என்று கெஞ்சி வாங்கிப்போனாள். எனக்கு உரை நிகழ்த்திய களைப்பில் உண்ணத் தோன்றவில்லை. மோர் மட்டும் குடித்தேன்.

மார்ச் 30, திங்கள்

சிந்துஜாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். இன்று கண்கள் மஞ்சளாகிவிட்டன. கணவர் பிரகதீஷ் பொள்ளாச்சிக்கு அழைத்துச் சென்றிருக்கிறார்.

ஏப்ரல் 2, வியாழன்

ஐந்து பேருக்கு மஞ்சள் காமாலை. வட்டத்தை நடத்தும் விசாலம் டீச்சரின் கணவர், ஆறாம் வீட்டு இரண்டு பிள்ளைகள், சிந்துஜா, சகாயம். விருந்தினரில் இருவருக்கும் என்று தொலைபேசிச் செய்தி. நமது ஒருமுற்றத்திலா? கையால் அரைத்து, கையால் விளைத்து, நஞ்சில்லாமல் உண்ணும் இடத்திலா? பேனா ஓடவில்லை.

சுகாதாரத் துறையினர் கிணற்று நீரை எடுத்துச் சென்றனர்.

நாச்சிமுத்து கீழாநெல்லி பறித்து வீடு வீடாகக் கொடுத்தார்.

ஏப்ரல் 5, ஞாயிறு

கிணற்று நீர் தூய்மையானது என்று அறிக்கை வந்துவிட்டது. நீர் இல்லையெனில் உணவு. உணவெனில் சமையற்கூடம். இவ்வாறு படிப்படியாக வட்டத்தில் எடுத்துரைத்தேன். எவரும் மறுக்கவில்லை. விசாரணை அறிக்கை எழுதும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது.

அறிக்கைக்கு ஆதாரம் வேண்டும் என்பதால், அங்கேயே, எழுத்துகளைப் பெரிதாக்கிப் படிக்க நான் வைத்திருக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் சமையல் முறைக்காரர் அனைவரின் நகங்களையும் பார்வையிட்டேன். ஜெசிந்தாவின் வலக்கையை மட்டும் சற்று நேரம் பிடித்துக்கொண்டிருக்க நேர்ந்தது. நகக் கண்ணில் மஞ்சள் நிற அழுக்கு.

“மஞ்சப்பொடிக்கா அது. சமைக்கிறவ வெரல்ல வேற என்ன இருக்கும், சந்தனமா?” என்றாள் சிரித்தபடி. சுற்றியிருந்தவர் எவரும் சிரிக்கவில்லை. அதைக் கண்டதும் அவளுடைய சிரிப்பும் நின்றது. “ஏக்கா, நெசமாவே என்னையத்தான் சொல்லுதீங்களா? எம்புருசனும்லா படுத்துக் கெடக்கான்?”

“இது விசாரணை மட்டுமே. தனிப்பட்ட முறையில் எடுத்துக்கொள்ளலாகாது” என்றேன்.

சமையற்கூட வாசலில் நகவெட்டி ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டு, மேலே பலகை எழுதி மாட்டினேன்: ‘சமைப்போர் தத்தம் கைகளைக் காட்டிய பின்னரே பரிமாறுக.’

ஏப்ரல் 9, வியாழன்

சிந்துஜாவைக் கோவைக்கு மாற்றிவிட்டார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு. கல்லீரல் வேலை செய்யவில்லை என்கிறார்கள். ஆளை அடையாளம் தெரியாமல் பேசுகிறாளாம். கர்ப்பிணிகளை இந்நோய் மோசமாகத் தாக்கும் என்று மருத்துவர் சொன்னதாகப் பிரகதீஷ் தொலைபேசியில் சொன்னார்; சொல்லிவிட்டு அழுதார். “ஆவன செய்யப்படும்” என்று சொல்லிவிட்டேன். இப்போது எழுதும்போது அந்தச் சொல் என்னையே திடுக்கிட வைக்கிறது.

இன்று ஜெசிந்தாவின் முறை. சாம்பாரும் பீர்க்கங்காய்க் கூட்டும். ஒன்பது வீடுகள் தத்தம் அடுப்பில் சமைத்துக்கொண்டன. அவளும், நோய் தொற்றாத ஆறாம் வீட்டுச் சிறியவளும் மட்டும் நீள மேசையில் அமர்ந்து உண்டனர். சிறிது நேரத்தில் சிறியவளின் தாய் வந்து அவளைத் தூக்கிப் போனாள்.

ஏப்ரல் 12, ஞாயிறு

அறிக்கை இரண்டரைப் பக்கம். ‘சமையற்கூடத் தூய்மைக் குறைபாடே காரணமெனக் கருத இடமுண்டு.’ ‘கருத இடமுண்டு’ என்பதில் நியாயம் இருக்கிறது. எவரையும் நேரடியாகக் குற்றஞ்சாட்டவில்லை. முடிவுரை: சோதனைக் குடும்பத்தை உறுதி செய்யலாகாது.

இணைப்பாகக் கிணற்று அறிக்கை, சமையல் முறைப் பட்டியல். தோட்ட உரத்தைப் பற்றியும் ஒரு குறிப்பு இணைக்க வேண்டும். பச்சையாக என்ன உண்டாள், அதற்கு என்ன உரம் என்று சிந்துஜாவின் மருத்துவர் கேட்டிருக்கிறாராம். உரம் பதினான்கு மாதம் முதிர்ந்தது என்று பதிவேட்டைப் பார்த்து எழுதினால் முடிந்தது.

ஏப்ரல் 14, செவ்வாய்

புத்தாண்டு. எவரும் பாயசம் வைக்கவில்லை.

பதிவேட்டை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனேன். முன்புறம் நின்றேன். முதலாம் இருக்கை என் இடக்கைப் பக்கம். அதற்கு அடியில் முதலாம் அறை. சுற்றிக்கொண்டு பின்புறம் போனேன்.

இடக்கைப் பக்கத்து அறை வலக்கைப் பக்கத்தில் இருந்தது.

அதன் கதவில் என் பலகை: ‘மூன்றாம் அறை: திறவற்க.’

மறுபடி முன்புறம் போனேன். மறுபடி பின்புறம். ஏழு முறை நடந்தேன். சுவருக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கத்தின் இடம் மறுபக்கத்தின் வலம். ஆலையில் கதிர் வரிசையை இரு பக்கமும் நின்று எண்ணியவள் நான்.

திறவற்க என்று எழுதிய கதவைத் திறந்தேன். கறுத்த மண். உதிரி உதிரியாக. எந்த வாசமும் இல்லை.

நாச்சிமுத்து பிப்ரவரியில் வெட்டி எடுத்தது மற்றொன்றை; நவம்பரில் மூடியதை.

ஏப்ரல் 15, புதன்

துணி துவைத்தேன். அரிசி புடைத்தேன். புளி கொட்டை நீக்கினேன்.

கழிப்பறைப் பலகைகள் துடைத்துச் சீரமைக்கப்பட்டன.

ஏப்ரல் 16, வியாழன்

காலை ஆறரைக்கு அறுவை சிகிச்சை செய்து குழந்தையை எடுத்துவிட்டார்கள். பெண். ஒன்றரைக் கிலோ. கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. சிந்துஜாவுக்கு நினைவு இல்லை.

முற்றத்தில் நின்று இச்செய்தியைச் சொன்ன விசாலம் டீச்சர், ஜெசிந்தாவின் வீட்டுப் பக்கம் திரும்பி, “ஒருத்தி கை கழுவாத வேலை, எத்தன உசுரு பாருங்க” என்றார். ஜெசிந்தா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. ஒவ்வொரு இலையாக ஆய்ந்தாள்.

நான் அங்கேதான் நின்றேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

நாச்சிமுத்து வாசலில்.

“அம்மிணி, பலக எடம் மாறியிருக்குதுங்க.”

“காற்றடித்திருக்கும்.”

“காத்துங்களா.” என் முகத்தையே பார்த்தார். “ஆணி அறஞ்ச பலகைங்க அது. ரெண்டு கதவுலயும் புது ஆணி பளபளன்னு இருக்குது.”

நான் புளியை உருட்டிக்கொண்டிருந்தேன்.

“எனக்கு வந்தது அடுத்தவங்களுக்கு வரப்படாதுன்னுதானுங்க அந்த அறைய மூடச் சொன்னேன்” என்றார். “செரி, வரட்டுங்களா.”

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை.

ஏப்ரல் 18, சனி

அறிக்கையைப் படித்துப் பார்த்தேன். ஒரு பிழைகூட இல்லை.

‘பலகைகள் இடம் மாறி அமைந்துவிட்டமை வருந்தத்தக்கது’ என்று ஓர் இணைப்பு எழுதினேன். கிழித்தேன். ‘எதிர்பாராத குழப்பத்தால்’ என்று தொடங்கினேன். கிழித்தேன். ஐந்து தாள்கள். எல்லாமே நன்றாக எழுதப்பட்டிருந்தன.

ஜெசிந்தாவின் வீட்டில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டும் ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது.

ஏப்ரல் 19, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வட்டம் காலை பத்து மணிக்குக் கூடியது. நடுவர் விசாலம் டீச்சர். ஜெசிந்தாவும் சகாயமும் வட்டத்துக்குள் அமராமல் தூணோரம் நின்றார்கள். சகாயத்தின் கண்களில் இன்னும் மஞ்சள். எதிரே நாச்சிமுத்து அமர்ந்திருந்தார். என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“செயலாளர் அறிக்கைய வாசிங்க. வாசிச்சு முடிச்சதும், இந்தக் குடும்பத்த உறுதி செய்ய வேண்டாம்ங்கறதுக்கு ஒப்புறவங்க நெஞ்சுல கை வைக்கட்டும். தடை இருந்தா கை தூக்கலாம்.”

எழுந்தேன். தாள்களை விரித்தேன். ‘மதிப்பிற்குரிய’ என்ற முதற்சொல்லைக் கண்டேன். அதற்கு மேல் கண் நகரவில்லை. தாளை மடித்தேன்.

“எனக்குத் தடைங்க” என்றேன்.

“என்னங்கம்மா சொல்றீங்க? உங்க அறிக்கைதானே?”

“அறிக்கை பொய்ங்க டீச்சர். கக்கூசுப் பலகைய நாந்தான் மாத்தி மாட்டுனேன். முன்னால எண்ணுன மாதிரியே பின்னாலயும் எண்ணிட்டேன். அவரு தெறக்கப்படாதத தெறந்து கொத்தமல்லிக்குப் போட்டுட்டாரு. நாந்தான் தெறக்கச் சொன்னேன். வாசம் அடிக்குதுன்னு வந்து சொன்னாரு, நாந்தான் கேக்கல. செவ்வாய்க்கெழமையே தெரிஞ்சுபோச்சுங்க. தெரிஞ்சும் பொதனன்னைக்குப் போயி யாருக்குந் தெரியாம பலகைய மாத்திட்டு வந்தேன்.”

ஆலையை விட்டு வந்த பின் பொதுவிடத்தில் நான் இவ்வாறு பேசியதில்லை. என் அம்மா பேசிய பேச்சு அது.

ஆறாம் வீட்டுத் தாய் வாயைப் பொத்திக்கொண்டாள். விசாலம் டீச்சரின் கை நெஞ்சுக்கும் மடிக்கும் நடுவே நின்றுவிட்டது. யாரேனும் என்னை ஏசுவார்கள் என்று காத்திருந்தேன்.

நாச்சிமுத்துதான் முதலில் பேசினார். “எனக்கும் மூக்கு இருந்துதுங்க. அம்மிணி சொன்னாலும் வெட்டிப் போட்டது என்ற கைதான்.”

பிரகதீஷுக்கும் சிந்துஜாவின் மருத்துவருக்கும் உடனே தெரிவிக்க வேண்டும் என்றார் டீச்சர். நானே பேசுவதாகச் சொன்னேன். பிறகு அவர் தூணோரம் திரும்பினார். “ஜெசிந்தா, நாங்க எல்லாரும்... சரி. இப்ப மறுபடி கேக்கறேன். இந்தக் குடும்பத்த உறுதி செய்யறதுக்கு ஒப்புறவங்க?”

ஒவ்வொரு கையாக நெஞ்சுக்குப் போயிற்று. என் கையும். ஒரு கைகூட உயரவில்லை. விசாலம் டீச்சர் முகம் மலர்ந்து, “தடை இல்ல” என்றார்.

“இருக்கு டீச்சர்.”

ஜெசிந்தா கையைத் தூக்கியிருந்தாள். அன்று நான் பிடித்துப் பார்த்த அதே வலக்கை.

“சோதன ரெண்டு பக்கத்துக்கும்தான்னு தவமணியக்கா எழுதியிருக்காங்கல்லா? முத நாளே படிச்சேன். நல்ல வரின்னு நெனச்சேன்.” அவளுடைய குரல் உயரவே இல்லை. “தப்பு யாருக்கும் வரும்க்கா. பலகைய மாத்தி மாட்டுனதுக்கு நான் ஒண்ணுஞ் சொல்லல. ஆனா பதினாலு நாளா ஒருத்தர்கூட எங் கையால ஒரு வா காப்பி வாங்கிக் குடிக்கல. பச்சப்புள்ள எங்கூட உக்காந்து தின்னுச்சு, அதையும் தூக்கிட்டுப் போனீங்க. அறிக்க வாரதுக்கு முன்னாலயே எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு, நாந்தான்னு. அதுக்கு எந்தப் பலகையும் தேவப்படல. எனக்குத் தடை.”

“நாங்க மன்னிப்புக் கேக்கறோம் கண்ணு” என்றார் டீச்சர்.

“கேளுங்க டீச்சர். கேக்க வேண்டியதுதான். நான் போறதும் போறதுதான்.” கணவன் பக்கம் திரும்பினாள். “வாங்க, வண்டி வந்துரும்.”

விதிப்படி ஒரு தடை போதும்.

சாக்குகளை ஏற்ற நான் கை கொடுக்கப் போனேன். அவள் தடுக்கவில்லை. மாவரைக்கும் கல்லை இருவரும் சேர்ந்து தூக்கினோம்.

வண்டி போன பிறகு பிரகதீஷுக்குத் தொலைபேசினேன். முழுவதும் கேட்டார். “சரிங்க” என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஏப்ரல் 24, வெள்ளி

சிந்துஜா கண் விழித்தாள். குழந்தையைக் கேட்டாளாம். பிழைத்துக்கொள்வாள் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். குழந்தையைப் பற்றி இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை.

செயலாளர் பொறுப்பை விசாலம் டீச்சரிடம் ஒப்படைத்தேன். கொத்தமல்லிப் பாத்தியையும் வல்லாரைப் பாத்தியையும் நாச்சிமுத்துவோடு சேர்ந்து ஆழ வெட்டிப் புதைத்துச் சுண்ணாம்பு தூவினேன். கழிப்பறைப் பலகைகளைக் கழற்றினோம். இனி மூடும் நாளை, பின்கதவிலும் சாந்து பூசி, அது ஈரமாக இருக்கும்போதே ஆணியால் கீறுவது. உரம் எடுக்கும் முன் இருவர் முகர்ந்து பார்ப்பது.

ஏப்ரல் 26, ஞாயிறு

இன்று என் முறை. சோறு, தட்டைப்பயற்றுக் குழம்பு, அவரைக்காய்ப் பொரியல். எல்லாம் நன்கு கொதிக்கவைத்தது.

மணி ஒன்றாயிற்று. நீள மேசையில் நாற்பது பேர் அமரலாம். எவரும் வரவில்லை. வீடுகளில் குக்கர் விசில் கேட்டது. அந்த ஓசையை ஒவ்வொன்றாக எண்ணினேன். ஜெசிந்தாவும் அன்று எண்ணியிருப்பாள்.

ஒன்றரைக்கு நாச்சிமுத்து வந்தார். தம் தட்டைத் தாமே எடுத்துக்கொண்டு என் முன் நின்றார். வாசலில் நான் எழுதிய பலகை இன்னும் இருந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் அவர் முன் விரித்தேன். முதலில் உள்ளங்கை. பிறகு நகங்கள்.

அவர் பார்த்தார். ‘தேவையில்லை’ என்று சொல்வார் என்று நினைத்தேன். விரல் விரலாக, பத்தையும், நிதானமாகப் பார்த்து முடித்தார்.

பிறகு தட்டை நீட்டினார்.